புள்ளியியல் நாளில் கல்லூரியில் படம் போடுவது எப்படி? பட்டுத் தெரிந்துகொண்டவை

2023 ஜூன் கடைசி வாரம், மதியம் 2.10. செமினார் ஹாலில் 180 பேர். லேப்டாப்பில் 'மணிபால்' ஓடுகிறது, ஸ்பீக்கரில் பிராட் பிட் பேசுகிறார், திரை மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கிறது. கேபிளைக் கழற்றி மாட்டினேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "சார், ஒலிச்சித்திரமா?" என்றான். ஹால் முழுக்கச் சிரிப்பு. கடைசியில் ஆளுக்கொரு சமோசா கொடுத்து அனுப்பிவைத்தோம்.

அடுத்த வருடம் அதே படத்தை ஒழுங்காகப் போட்டோம். நடுவில் நிறுத்தி, கணக்குப் போட்டு, மறுபடி ஓட்டினோம். இரண்டுக்கும் நடுவே நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். புள்ளியியல், கணிதம், பொருளியல் துறைகளில் மன்றப் பொறுப்பைப் புதிதாகத் தலையில் கட்டிக்கொண்டவர்களுக்கானது.

1. ஏப்ரலிலேயே ஆரம்பியுங்கள்

தேசிய புள்ளியியல் நாள் ஜூன் 29, இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிஸ் பிறந்த நாள். சிக்கலே அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மே முழுக்க விடுமுறை. ஜூனில் கல்லூரி திறந்து, டைம் டேபிள் வந்து, யார் எந்த வகுப்பு என்று தெளிவதற்குள் 29 வந்து நிற்கும். திறந்த பிறகு கடிதம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், ஹெச்.ஓ.டி. (துறைத் தலைவர்) அட்மிஷன் வேலையில் இருப்பார், பிரின்சிபால் மீட்டிங்கில் இருப்பார், ஹாலை வேறு துறை பிடித்திருக்கும்.

ஏப்ரல் கடைசி வேலை நாளுக்குள் மூன்று காரியம் முடிந்திருக்க வேண்டும்: ஹால் பதிவு, முன் அனுமதிக் கடிதம், படத்தின் பிரதிக்கான ஆர்டர். மற்றதை ஜூனில் பார்த்துக்கொள்ளலாம்.

நாள்காட்டியையும் பார்த்துவிடுங்கள். 2025-இல் ஜூன் 29 ஞாயிற்றுக்கிழமை, 2026-இல் திங்கள்கிழமை. விடுமுறையில் விழுந்தால் முந்தைய வேலை நாளில் வையுங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளினால் தள்ளிக்கொண்டே போகும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்றைக்கு என்பதையும் விசாரியுங்கள். எங்கள் ஹாலுக்கு ஜெனரேட்டர் இணைப்பு உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். மின்விசிறிக்கு மட்டும்தான் உண்டு, பிளக் பாயின்டுக்குக் கிடையாது.

2. கணக்கை முடிவு செய்துவிட்டுப் படத்துக்கு வாருங்கள்

எல்லோரும் செய்கிற தவறு, நானும் செய்தது: நல்ல படம், ஆஸ்கர் படம், எண்கள் வருகிற படம் என்று தேடுவது. எண்கள் வருவதாகச் சொல்லப்படும் பல படங்களில் கணக்கே இருக்காது. கண்ணாடி ஜன்னலில் ஒருவர் சமன்பாடு எழுதுவார், பின்னணியில் வயலின் வாசிப்பார்கள், அவ்வளவுதான். மாணவர்கள் வீட்டுக்குப் போகும்போது "மேதைகள் நம்மைப் போல் இல்லை" என்ற எண்ணத்தோடு போவார்கள். அதற்கு ஒரு மன்றக் கூட்டம் எதற்கு?

படத்தில் ஓர் இடத்திலாவது, நிறுத்திவிட்டு மாணவர்கள் தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும், செல்போன் கால்குலேட்டருக்கு மேல் எதுவும் தேவைப்படக் கூடாது. இதில் தேறாத படத்தை விட்டுவிடுங்கள்.

3. தேறுகிற படங்கள்

மணிபால் (2011, 133 நிமிடம்). முதல் முறை நடத்துபவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். ஓக்லண்ட் அத்லெடிக்ஸ் என்ற பேஸ்பால் அணி, கையில் காசில்லாமல், மற்றவர்கள் கழித்துக்கட்டிய ஆட்டக்காரர்களை எண்களை வைத்துப் பொறுக்கியெடுத்து 2002 சீசனை ஆடிய கதை.

நிறுத்த வேண்டிய இடம் இரண்டு. முதலாவது, ஆள் தேடும் பெரியவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆட்டக்காரரின் முகவெட்டையும் காதலியின் அழகையும் வைத்துத் தரம் பிரிக்கிற காட்சி. அங்கே பலகையில் இதை எழுதுங்கள். ராஜா பத்து முறை மட்டை பிடிக்கிறான்: அடித்து ஓடியது 3, அவுட் 7. குமார் பத்து முறை பிடிக்கிறான்: அடித்து ஓடியது 2, எதிரணி நான்கு தவறான பந்து போட்டதால் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்தது 3, அவுட் 5. பேஸ்பாலின் பழைய சராசரிக் கணக்கில் அந்த 'நடை' சேராது. வகுக்கும் எண்ணிலும் வராது. அதனால் ராஜா 3/10, அதாவது 0.300. குமார் 2/7, அதாவது 0.286. ராஜாதான் பெரிய ஆள். ஆனால் பத்தில் எத்தனை முறை அவுட் ஆகாமல் தளத்துக்குப் போனார்கள் என்று பார்த்தால் ராஜா 0.300, குமார் 0.500. சந்தையில் ராஜாவுக்கு விலை அதிகம், குமார் மலிவு. படம் மொத்தமும் இந்த இடைவெளிதான்.

இரண்டாவது இடம், ஜோனா ஹில் பாத்திரம் கணக்கு சொல்லும் காட்சி. 99 ஆட்டம் ஜெயிக்க வேண்டும், அதற்கு 814 ரன் எடுத்து, எதிரணிக்கு 645-க்கு மேல் கொடுக்காமல் இருக்க வேண்டும். படம் இதைச் சொல்லிவிட்டுக் கடந்துபோகும். நீங்கள் போகவிடாதீர்கள். பில் ஜேம்ஸ் என்பவர் தந்த சூத்திரம் எளியது: எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன், கொடுத்த ரன் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 814-இன் வர்க்கம் 6,62,596. 645-இன் வர்க்கம் 4,16,025. வகுத்தால் 0.614. சீசனுக்கு 162 ஆட்டம். பெருக்கினால் 99.5. இந்த எண் வந்ததும் ஹாலில் ஒரு சலசலப்பு எழும் பாருங்கள், அதற்காகவே இந்தப் படத்தைப் போடலாம்.

படம் முடிந்ததும் இதைக் கொடுங்கள்: அந்த வருடம் அந்த அணி உண்மையில் எடுத்தது 800 ரன், கொடுத்தது 654. சூத்திரப்படி 97 வெற்றி வர வேண்டும். வந்தது 103. மீதி ஆறு எங்கிருந்து வந்தது? அதிர்ஷ்டமா, சூத்திரத்தின் குறையா? கூடவே இன்னொன்று. அந்த அணியில் ஹட்சன், மல்டர், ஜீட்டோ என்று மூன்று அருமையான பந்துவீச்சாளர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்ற தெஹாதாவும் இருந்தார். படம் இவர்களைக் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவே இல்லை. மாதிரியில் முக்கியமான மாறியை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பாடம் நடத்த இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஹிட்டன் ஃபிகர்ஸ் (2016, 127 நிமிடம்). ஹெச்.ஓ.டி. பயந்த சுபாவம் என்றால் இதுதான் பாதுகாப்பான படம். முகம் சுளிக்க வைக்கும் காட்சி எதுவும் கிடையாது. விண்வெளி வீரர் ஜான் க்ளென் 1962-இல் பூமியைச் சுற்றிவருவதற்கு முன், கணினி தந்த எண்களை நாசாவின் கணிதவியலாளர் கேத்தரின் ஜான்சன் கையால் சரிபார்த்த கதை. ஆய்லர் முறை பேச்சில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். 1-இல் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் இருப்பதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டச் சொல்லுங்கள். பத்துப் படியில் 2.594 வரும். அதையே நூறில் ஒரு பங்காக நூறு படி போனால் 2.705. உண்மை விடை 2.718. படி சிறிதானால் பிழையும் சிறிதாகும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். நூறு படியைக் கையால் போடச் சொல்லாதீர்கள், அடுத்த வருடம் யாரும் வர மாட்டார்கள்.

தி பிக் ஷார்ட் (2015, 130 நிமிடம்). அமெரிக்க வீட்டுக்கடன் சரிவைப் பற்றிய படம். எனக்கு மிகவும் பிடித்தது, ஆனால் முழுதாகப் போட முடியாது. கெட்ட வார்த்தையும் ஆடை குறைந்த காட்சியும் உண்டு. பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் பாடகி செலீனா கோமஸும் சூதாட்ட மேசையில் உட்கார்ந்து விளக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் இந்தக் கணக்கு: ஐந்து பேருக்குக் கடன் கொடுத்திருக்கிறீர்கள், ஒவ்வொருவரும் திருப்பிக் கட்டாமல் போக 5 சதவீதம் வாய்ப்பு. ஐந்து பேருமே கட்டாமல் போவதற்கு? ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை என்றால் 32 லட்சத்தில் ஒன்று. ஐந்து பேரும் ஒரே கம்பெனியில் வேலை செய்கிறார்கள், கம்பெனி மூடினால் எல்லோரும் போவார்கள் என்றால் இருபதில் ஒன்று. சார்பின்மை என்ற ஒரு சொல்லை அசட்டையாக எடுத்துக்கொண்டதன் விலை இவ்வளவு.

21 (2008). முழுப்படம் எனக்கு ரசிக்கவில்லை. வகுப்பறையில் மூன்று கதவுப் புதிர் வரும் சில நிமிடம் மட்டும் போதும். ஒரு கதவுக்குப் பின்னால் பரிசு; நீங்கள் ஒன்றைத் தேர்ந்ததும், நடத்துபவர் பரிசில்லாத இன்னொன்றைத் திறந்து காட்டி, மாற்றிக்கொள்கிறீர்களா என்று கேட்பார். அப்புறம் மூன்று எவர்சில்வர் டம்ளரும் ஒரு புளியங்கொட்டையும். மாற்றிக்கொண்டு 40 முறை, மாற்றாமல் 40 முறை ஆடச் சொன்னோம். மாற்றியவர்கள் 25 முறை ஜெயித்தார்கள், மாற்றாதவர்கள் 14. மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று என்பதை இதற்குப் பிறகு நிரூபிக்கத் தேவையே வரவில்லை. படம் சூதாட்டம் பற்றியது, அதனால் கடிதத்தில் "நிகழ்தகவு பற்றிய காட்சித் துணுக்கு" என்று எழுதுங்கள். பொய் இல்லையே.

தி மேன் ஹூ நியூ இன்ஃபினிட்டி (2015). சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்த ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போன கதை. புள்ளியியல் என்று சொல்ல முடியாது, ஆனால் 200 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம் என்பதை மக்மஹோன் என்ற கணிதவியலாளர் கையால் எண்ணியதும், ராமானுஜனின் சூத்திரம் அதை நெருங்கியதும் நம் சங்கதிதான்.  விடை 39,72,99,90,29,388. மாணவர்களிடம் 6-ஐப் பிரிக்கச் சொல்லுங்கள், 11 விதம் வரும்.

டபுள் இண்டெம்னிட்டி (1944). காப்பீட்டு அதிகாரி ஒருவர் தற்கொலைப் புள்ளிவிவர அட்டவணைகளை மூச்சு விடாமல் ஒப்பித்து, ஓடும் ரயிலின் பின்பக்கத்திலிருந்து குதித்தவர் அதில் ஒருவர்கூட இல்லை என்று முதலாளி வாயை அடைக்கும் காட்சி அபாரம். அட்டவணையில் பூஜ்யம் இருந்தால் நடக்கவே நடக்காதா என்று அரை மணி நேரம் விவாதிக்கலாம். ஆனால் பேசப்படும் விஷயம் தற்கொலை. உங்கள் மாணவர்களை நன்றாகத் தெரிந்தால் மட்டும் போடுங்கள்.

தவிர்க்கச் சொல்வது தி இமிடேஷன் கேம் (2014). படமாக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியக் குறியீட்டை உடைக்க ட்யூரிங் குழு உண்மையில் பயன்படுத்திய புள்ளியியல் வேலை திரையில் கிட்டத்தட்ட இல்லை. நிறுத்திக் கணக்குப் போட இடமே கிடைக்காது.

4. உரிமை: இதில் கை வைத்துவிட்டுத்தான் மற்றது

நான் வக்கீல் இல்லை. எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 52-ஆம் பிரிவு சில விதிவிலக்குகள் தருகிறது. அதில் ஒன்று, கல்வி நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாகப் படம் காட்டுவது. நிபந்தனை: பார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஊழியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புள்ளவர்கள், இவ்வளவு பேர் மட்டும்தான்.

இதில் மாட்டிக்கொள்ளும் வழிகள் பல. பக்கத்துக் கல்லூரி மாணவர்களை அழைத்து 'இன்டர் காலேஜியேட் மீட்' ஆக்கினால் வட்டம் தாண்டிப் போகிறது. போஸ்டரை சமூக ஊடகத்தில் போட்டு "அனைவரும் வருக" என்று எழுதினாலும் அப்படித்தான். டிக்கெட் வேண்டவே வேண்டாம். பதிவுக் கட்டணம் என்று பெயர் மாற்றினாலும் வேண்டாம். திருட்டுப் பிரதியைப் போட்டுவிட்டு இந்தப் பிரிவைக் காட்டித் தப்பிக்கலாம் என்றும் நினைக்காதீர்கள்.

ஓ.டி.டி. விஷயம் வேறு. நீங்கள் கட்டும் சந்தா தனிப்பட்ட பயன்பாட்டுக்கு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கும். சட்டம் விலக்கு கொடுத்தாலும், அந்த நிறுவனத்தோடு நீங்கள் செய்த ஒப்பந்தம் அப்படியே நிற்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தன்னுடைய சில ஆவணப்படங்களுக்கு மட்டும் ஒருமுறை கல்வித் திரையிடலுக்கு அனுமதி தருகிறது, எவை என்பதை அந்தப் படத்தின் விவரப் பக்கத்திலேயே குறிப்பிட்டிருப்பார்கள். மேலே சொன்ன படங்களுக்கு அது உதவாது. வெளியாட்களை அழைத்தே தீர வேண்டும் என்றால் உரிமைதாரரிடம் பொதுத் திரையிடல் உரிமம் கேட்க வேண்டும். பதில் வரக் குறைந்தது ஒரு மாதம் ஒதுக்குங்கள். எழுத்தில் வராத அனுமதியை நம்பி ஹாலைத் திறக்காதீர்கள்.

இதெல்லாம் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வழி: ஹான்ஸ் ரோஸ்லிங்கின் 'தி ஜாய் ஆஃப் ஸ்டாட்ஸ்' (2010). ஒரு மணி நேர ஆவணப்படம், கேப்மைண்டர் அறக்கட்டளையின் தளத்திலேயே பார்க்கலாம். 200 நாடுகளின் 200 வருடத்தை நான்கு நிமிடத்தில் குமிழ்களாக ஓடவிடும் பகுதி அதில்தான் வருகிறது.

5. காகிதங்கள்

கீழே உள்ளதை ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நகல்.

- ஹெச்.ஓ.டி. வழியாகப் பிரின்சிபாலுக்கு அனுமதிக் கடிதம். படத்தின் பெயர், ஓடும் நேரம், தணிக்கைச் சான்றிதழ் வகை, பாடத்திட்டத்தில் எந்த அலகோடு தொடர்பு என்ற நான்கும் இருக்க வேண்டும். நான்காவது இல்லாத கடிதம் திரும்பி வரும்.
- ஹால் பதிவுச் சீட்டு, எலக்ட்ரீஷியன் பெயரோடு.
- வகுப்புகளுக்கான சர்க்குலர்.
- மற்ற துறை மாணவர்கள் வருவதானால் அவர்களுக்கு ஓ.டி. (ஆன் டியூட்டி) பட்டியல். இதை மறந்தால் வருகைப்பதிவுத் தகராறு ஜூலை வரை இழுக்கும்.
- மன்ற நிதியிலிருந்து முன்பணம் கேட்கும் விண்ணப்பம், கொட்டேஷனோடு.
- வாங்கிய பிரதியின் ரசீது. உரிமை பற்றி யாராவது கேட்டால் முதலில் நீட்ட வேண்டியது இதுதான்.

தணிக்கை வகையைச் சும்மா சொல்லவில்லை. முதலாண்டு மாணவர்களில் 17 வயதினர் நிறையப் பேர் இருப்பார்கள். 'ஏ' சான்றிதழ் படத்துக்கு அவர்களை உட்கார வைக்கக் கூடாது.

6. பிரதி

என் கருந்திரைக்குக் காரணம் இதுதான். ஓ.டி.டி. படங்களுக்கு ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. லேப்டாப், நடுவில் மாட்டும் மாற்றி, புரொஜெக்டர் என்று வழியில் இருக்கும் ஒவ்வொன்றும் அந்தப் பூட்டை ஏற்க வேண்டும். எங்கள் ஹாலில் பழைய வி.ஜி.ஏ. புரொஜெக்டர். நான் ஹெச்.டி.எம்.ஐ. மாற்றி ஒன்றை மாட்டினேன். பூட்டு திறக்கவில்லை. ஒலி வந்தது, படம் வரவில்லை. நீங்கள் யூடியூபில் சோதித்துப் பார்த்து "ஓடுகிறதே" என்று நிம்மதியாகப் போவீர்கள். அதில் பூட்டு இல்லை, அதனால் ஓடும்.

இப்போது நான் நம்புவது வட்டைத்தான். அதிலும் ஒரு கண்ணி உண்டு, மண்டல எண். டி.வி.டி.க்களில் இந்தியா 5-ஆம் மண்டலம், அமெரிக்கா 1. ப்ளூ-ரேயில் இந்தியா 'சி', அமெரிக்கா 'ஏ', பிரிட்டன் 'பி'. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த வட்டு இங்கே ஓடாமல் போகலாம். சாதாரண டி.வி.டி. டிரைவில் ப்ளூ-ரே சுத்தமாக ஓடாது. புது லேப்டாப்களில் டிரைவே இல்லை, வெளியே மாட்டும் டிரைவ் ஒன்று வாங்க வேண்டும்.

7. சப்டைட்டில்

அமெரிக்க உச்சரிப்பு, அதிலும் பேஸ்பால் பேச்சு, முதல் வரிசைக்கே புரியாது. ஆங்கில சப்டைட்டிலாவது கட்டாயம் ஓட வேண்டும். வட்டிலேயே இருந்தால் நல்லது.

தனியாக எடுத்த சப்டைட்டில் கோப்பு போடுகிறீர்களா? முதல் ஐந்து நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். ஐரோப்பிய டி.வி.டி.க்கள் நொடிக்கு 25 ஃபிரேமில் ஓடும், திரையரங்குப் பிரதி 24-இல். நான்கு சதவீதம் வித்தியாசம். தொடக்கத்தில் தெரியாது. 133 நிமிடப் படத்தின் கடைசியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகியிருக்கும், அழுகிற காட்சிக்கு ஜோக் வரி வரும். எப்போதும் கடைசிப் பத்து நிமிடத்தில் சோதியுங்கள். சின்னப் பிசகு என்றால் வி.எல்.சி. பிளேயரில் ஜி, ஹெச் விசைகளால் முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

தமிழில் முழு சப்டைட்டில் செய்ய ஆசைப்பட்டு ஒரு வாரம் வீணடித்தேன். அதற்குப் பதில் ஒரு பக்கத் தாள் போதும். ஆட்டத்தின் விதி ஆறு வரி, பத்துச் சொல்லுக்குத் தமிழ் விளக்கம், கீழே கணக்குப் போட காலி இடம். கிரிக்கெட் தெரிந்த பிள்ளைகளுக்கு அது தாராளம்.

8. செலவு

2024-இல் 180 பேருக்கு எங்களுக்கு ஆனது இது. விலைகள் ஊருக்கு ஊர் மாறும், இனங்கள் மாறாது.

- ஸ்பீக்கர் வாடகை: 1,200 ரூபாய்
- வெளி டி.வி.டி. டிரைவ்: 1,400
- வட்டு: 700
- பத்து மீட்டர் ஹெச்.டி.எம்.ஐ. கேபிள்: 650
- ஜெராக்ஸ், இரு பக்கம்: 360
- டீ, பிஸ்கட், ஆளுக்கு 12 வீதம்: 2,160
- ஃபிளெக்ஸ், 3-க்கு 6 அடி: 216

மொத்தம் 6,686. மன்ற நிதி ஒதுக்கியது 5,000. மீதி 1,686 யார் பாக்கெட்டிலிருந்து போனது என்று சொல்ல வேண்டியதில்லை. இதில் நான் செய்த முட்டாள்தனம், டிரைவைத் தெரிந்த கடையில் பில் இல்லாமல் மலிவாக வாங்கியது. பில் இல்லாத செலவைக் கணக்குப் பிரிவு தொடவே தொடாது. டீக்கடையிலும் சீல் வைத்த ரசீது வாங்குங்கள்.

ஹால் ஸ்பீக்கரை நம்பி வாடகையை மிச்சம் பிடிக்காதீர்கள். அது மைக்கில் பேசுவதற்கானது, படத்து வசனம் அதில் கொழகொழவென்று கேட்கும்.

9. நேரக் கணக்கு

மதியம் வைக்காதீர்கள். 1.45-க்குத் தொடங்கினால் 133 நிமிடப் படம் நிறுத்தாமல் ஓடினாலே 3.58 ஆகும். எங்கள் கல்லூரிப் பேருந்து 3.40-க்குக் கிளம்பும். 3.25-க்கே பையை மாட்டிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். மதியம் என்றால் ஜன்னல் வெளிச்சமும் அதிகம்.

எங்களுக்கு ஒத்துவந்தது இப்படி: அறிமுகம் 10 நிமிடம், படம் 133, முதல் கணக்குக்கு 10, இரண்டாவது கணக்குக்கு 8, டீ 15, கலந்துரையாடல் 20. கூட்டினால் 196 நிமிடம். காலை 9.45-க்குத் தொடங்கி 1.01-க்கு முடிந்தது. சிறப்பு விருந்தினர், பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் வேண்டும் என்று மேலிடம் சொன்னால் 40 நிமிடம் கூடுதலாகப் போகும். அப்போது முழுப்படத்தை மறந்துவிட்டு 70 நிமிடத் துணுக்குகளாகக் காட்டுங்கள். துணுக்குகள் தொடங்கும், முடியும் நேரத்தை நிமிடம் நொடியோடு தாளில் எழுதி, லேப்டாப் இயக்குபவர் கையில் கொடுங்கள். மேடையிலிருந்து "கொஞ்சம் பின்னாடி போ, இன்னும், ஐயோ தாண்டிட்ட" என்று கத்துவது நன்றாக இருக்காது.

10. முந்தைய நாள்

அதே ஹால், அதே லேப்டாப், அதே கேபிள், அதே வட்டு. காலை நடக்கப்போகிற அதே நேரத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், வெயில் எந்த ஜன்னல் வழியாகத் திரையில் விழுகிறது என்று அப்போதுதான் தெரியும். எங்களுக்கு மேற்குத் திரைச்சீலை இருந்தது, கிழக்கில் இல்லை. பழைய ஃபிளெக்ஸைத் திருப்பிக் கட்டினோம்.

கடைசி வரிசையில் போய் உட்காருங்கள். சப்டைட்டிலின் அடிவரி முன்னால் இருப்பவர் தலைக்கு மேல் தெரிகிறதா? தெரியாவிட்டால் திரையை ஓர் அடி உயர்த்துங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு, லேப்டாப் சார்ஜர், சுண்ணக்கட்டி. லேப்டாப்பில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்திவையுங்கள், வாட்ஸ்அப்பை மூடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் குடும்பக் குழுவின் காலை வணக்கம் 180 பேருக்கும் தெரியும்.

11. முடிந்த அன்றே

கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு தரும் நாக் கமிட்டிக்காக, கல்லூரியின் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி. உங்களிடம் கேட்கப்போவது: சர்க்குலர், அழைப்பிதழ், கையெழுத்திட்ட வருகைப் பட்டியல், இடக்குறியீடு பதிந்த புகைப்படங்கள், ஒரு பக்க அறிக்கை, கருத்துப் படிவம். சாதாரண கேமராவில் எடுத்த படம் செல்லாது, இடமும் நேரமும் பதியும் செயலியில் எடுக்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகு எடுத்தால் இருட்டுதான் வரும். அறிமுகம் நடக்கும்போதே நான்கு படம் எடுத்துவிடுங்கள், திரையில் படம் ஓடுவதைத் தனியாகப் பதிவு செய்யாதீர்கள்.

கருத்துப் படிவத்தில் "நிகழ்ச்சி எப்படி இருந்தது?" என்று கேட்டால் 180 பேரும் 'மிக நன்று' என்று எழுதுவார்கள். நான் இப்போது ஒரே ஒரு கேள்விதான் வைக்கிறேன்: அடுத்த சீசனில் அந்த அணி 800 ரன் எடுத்து 700 ரன் கொடுத்தால் எத்தனை ஆட்டம் ஜெயிக்கும்? போன முறை 180 தாளில் 131-இல் 92 என்று சரியாக இருந்தது. ஒருவன் 91.8 என்று எழுதி, பக்கத்தில் "சார், 0.8 ஆட்டத்தை எப்படி ஜெயிப்பது?" என்று கேட்டிருந்தான். ஒலிச்சித்திரமா என்று கேட்ட அதே பையன்.